உரைக்கு உரை வேண்டாமா?

தமிழாசிரியர்களிடையே நெடுநாளாய் வழங்கிவரும் பேச்சு ஒன்று உண்டு. "செய்யுளை நடத்த வேண்டும், உரைநடையை வாசித்தால் போதும்" என்பதே அது. கேட்பதற்கு எளிய பேச்சு. யாரையும் புண்படுத்தாத பேச்சு. ஆனால் நம் பள்ளிகளில் பத்தாண்டு, பன்னிரண்டாண்டு தமிழ் படித்து வெளியேறும் பிள்ளைகளுள் பலர், தாம் முன்பு கண்டிராத ஒரு பக்கத்தைத் தாமே படித்து, அது என்ன சொல்கிறது என்பதைத் தம் சொல்லில் கூற இயலாமல் தடுமாறுவதற்கு இப்பேச்சே வேர் என்று நாம் கருதுகிறோம். கருதுவதோடு நில்லாமல், இவ்விதழில் வெளிப்படையாக எழுதவும் துணிகிறோம். ஏனெனில் இதைப் படிப்போருள் தாளாளர்கள் உளர். தலைமையாசிரியர்களும் தமிழாசிரியர்களும் உளர். பள்ளி நடத்தும் துறவற சபைகளின் தலைவர்களும் உளர். குற்றம் சாட்டப்படுவோரின் முன்னிலையில் பேசுவதே முறை.

உரைநடைப் பாடம் ஒரு வகுப்பில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். ஆசிரியர் உள்ளே வருகிறார். நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தியை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார். அவள் பேருந்தைப் பிடிக்க ஓடுபவள்போல வாசிக்கிறாள். ஒரு பத்தி முடிந்ததும் அடுத்தவன் எழுகிறான். இடையிடையே ஆசிரியர், "இங்கிருந்து இதுவரை கோடிட்டுக்கொள்ளுங்கள், ஐந்து மதிப்பெண் வினா" என்கிறார். பிள்ளைகள் பென்சிலும் அளவுகோலும் எடுத்து, கோவில் தேருக்குப் பாதை அளப்பது போன்ற கவனத்தோடு கோடிடுகிறார்கள். பாடம் முடிகிறது. பின்பக்கத்து வினாக்களுக்கு விடை எங்கே எனக் கேட்டால், கடையில் வாங்கிய நோட்ஸில் இருக்கிறது. இரண்டு பாடவேளையில் ஒரு கட்டுரை தீர்ந்துவிட்டது! எழுதியவர் இதை ஏன் எழுதினார், யாரை நோக்கி எழுதினார், மூன்றாம் பத்தியை ஏன் இரண்டாம் பத்திக்குப் பிறகு வைத்தார், எந்த இடத்தில் அவர் குரல் உயர்கிறது, எந்த இடத்தில் அவரோடு நாம் உடன்படவில்லை என்னும் கேள்விகள் ஒன்றேனும் அந்த அறைக்குள் எழுவதில்லை.

இதில் தனிமனிதர் சோம்பலை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் மொழியில் கற்பித்தல் என்னும் கலை பாட்டைச் சுற்றியே வளர்ந்தது. திண்ணைப் பள்ளியில் பிள்ளை மனப்பாடம் செய்தது செய்யுளை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் தம் பேரறிவைச் செலவிட்டது நூற்பாவுக்கும் பாட்டுக்கும் குறளுக்கும் பொருள் காண்பதில். பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விளக்கவுரை என்று எத்தனை கருவிகள்! ஒரு வெண்பாவைக் கையில் கொடுத்தால், எளிய தமிழாசிரியரும் அதைப் பிரித்துக் காட்டிவிடுவார். சீர் பிரிப்பார், அணி சொல்வார், அருஞ்சொற்பொருள் தருவார். உரைநடையோ அந்தக் கருவிகளுள் ஒன்றாகவே பிறந்தது. அதன் பெயரிலேயே 'உரை' இருக்கிறது. விளக்கமே விளக்கப்பட வேண்டுமா, உரைக்கு ஓர் உரையா என்ற எண்ணம் நம் மரபின் அடிமனத்தில் தங்கிவிட்டது. ஆகையால் உரைநடைப் பாடம் வந்ததும் ஆசிரியர் கைகளில் கருவி இல்லை. கருவி இல்லாதபோது கோடிடச் சொல்வதுதானே எளிது?

ஆயினும் மரபின்மேல் முழுப்பழியையும் சுமத்த நாம் உடன்படோம். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டோடு உரையையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்; உரையின் நடை நான்கு வகைப்படும் என்று வகுத்தும் இருக்கிறார். இறையனார் களவியலுக்கு எழுந்த உரையை வாய்விட்டுப் படித்தவர்க்கு, உரைநடைக்கும் மூச்சு உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு என்பது சொல்லாமலே விளங்கும். மரபில் விதை இருந்தது. நீர் ஊற்ற ஆளில்லை.

நீர் ஊற்றியவர்களுள் நம் முன்னோர் உண்டு என்பதே இங்கு நம்மைப் பேசத் தூண்டும் செய்தி. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட சிறு நூல். ஆனால் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் அதுவே பழமையானது. அது பாட்டு அன்று, உரைநடை. முத்துக்குளித்துறை மக்களுக்காக அதை ஆக்கிய அன்றீக்கு அடிகளார், அடியார்களின் வரலாற்றையும் 1586-இல் உரைநடையிலேயே அச்சிட்டார். வலை இழுப்பவரும் முத்துக் குளிப்பவரும் வாசிக்க வேண்டும், வாசிக்கக் கேட்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், மெய்யியலையே தமிழ் உரைநடையில் வாதிட முடியும் என்று காட்டினார். வீரமாமுனிவர் வேதியர்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வாசிப்போர் மயங்காதபடி எழுத்துவடிவிலே வேறுபடுத்தினார். வாசிப்பவன் தடுமாறக்கூடாது என்ற கவலை ஓர் எழுத்தின் சுழி வரை சென்றதைப் பாருங்கள். பின்னர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்க எண்ணி எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அவரும் நம் திருச்சபையின் பிள்ளையே.

இவற்றை விழாமேடைகளில் நாம் குறைவில்லாமல் சொல்லிக்கொள்கிறோம். தேம்பாவணிக்கு ஒப்புவித்தல் போட்டி வைக்கிறோம். பரிசாகச் சில்வர் தட்டு கொடுக்கிறோம். ஆனால் 'வேதியர் ஒழுக்க'த்தின் ஒரு பக்கத்தை எடுத்து, இந்த வாக்கியம் எப்படி நடக்கிறது பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டிய கத்தோலிக்கப் பள்ளி ஏதேனும் உண்டா? உண்டென்றால் அதன் முகவரியை இவ்விதழின் ஆசிரியருக்கு எழுதுமாறு வேண்டுகிறோம். மகிழ்ச்சியோடு சென்று காண்போம்.

பொதுவாகக் குறைகூறிக்கொண்டே போவதால் பயனில்லை. ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'உரைநடை உலகம்' என்னும் பகுதியில் முதலில் நிற்பது, தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்'. நெல்லுக்கும் புல்லுக்கும் இருப்பது தாள். கரும்புக்கும் நாணலுக்கும் இருப்பது தோகை. தென்னைக்கும் பனைக்கும் ஓலை. காய்ந்தால் சண்டு, சருகு. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. எள்ளின் பிஞ்சு கவ்வை. வாழையின் பிஞ்சு கச்சல். இப்படி அடுக்கிக்கொண்டே செல்கிறார் பாவாணர்.

இந்தப் பாடம் நம் வகுப்பறைகளில் என்ன ஆகிறது? பட்டியல் ஆகிறது. பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக, சரியான விடையைத் தேர்க. 'மூசு' என்பதைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். பலா மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பாவாணர் பட்டியல் போடுவதற்காகவா அதை எழுதினார்? அவர் வழக்காடுகிறார். ஒரு மொழி பேசும் மக்கள் தம் நிலத்தையும் அதன் விளைவையும் எவ்வளவு நுணுக்கமாக நோக்கினார்களோ, அவ்வளவு சொல் அம்மொழியில் பிறக்கும் என்பது அவர் வழக்கு. அடுக்கிய சொற்கள் அனைத்தும் அவ்வழக்குக்குச் சாட்சிகள். சாட்சிகளின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, வழக்கு என்னவென்று தெரியாமல் நீதிமன்றத்தை விட்டு வெளியே வருகிறார்கள் நம் பிள்ளைகள்.

அதே பாடத்தை வேறு விதமாய் நடத்த இயலாதா? பனங்காடும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர்களில் எத்தனையோ பங்குப் பள்ளிகள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் பாவாணர் சொல்லும் குரும்பையையும் சருகையும் வீட்டிலிருந்தே அறிந்து வருகிறார்கள். பாடநூலில் இல்லாத சொற்களும் அவர்கள் வாயில் உண்டு. "உங்கள் பாட்டி இதை என்னவென்று சொல்வார்?" என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும், அறுபது பிள்ளைகளும் பாவாணருக்குச் சாட்சி சொல்ல எழுந்து நிற்பார்கள். கடற்கரைப் பிள்ளையிடம் காற்றின் பெயர்களைக் கேட்கட்டும். நீரோட்டத்தின் பெயர்களைக் கேட்கட்டும். பிறகு, ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பதனாலேயே ஒரு மொழி உயர்ந்ததாகிவிடுமா, மற்ற மொழியினர் தம் நிலத்தை நோக்கவில்லையா, பனி மூடிய நாட்டில் வாழ்வோரிடம் பனிக்கு இத்தகைய சொற்கள் இராவா என்று ஒரு மாணவன் எதிர்க்கேள்வி கேட்கலாம். கேட்டால் அடிக்க வேண்டாம். அன்றுதான் அவன் உரைநடை படிக்கத் தொடங்கியிருக்கிறான். பாவாணரை மதிப்பது என்பது அவரோடு வாதிடும் அளவுக்கு அவரைக் கூர்ந்து படிப்பதே.

இன்னொன்று. உரைநடையின் உயிர் பெரிய சொற்களில் இல்லை. சிறிய இடைச்சொற்களில் இருக்கிறது. 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் உண்டென்று இலக்கண வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அடுத்த பாடவேளையில் உரைநடை வரும்போது, அதே 'உம்' வாக்கியத்துக்கு வாக்கியம் கண்முன் நிற்கிறது. ஒருவரும் அதைக் கண்டுகொள்வதில்லை. "சபை ஏழைகளுக்கு உதவியது" என்பது ஒரு செய்தி. "சபை ஏழைகளுக்கும் உதவியது" என்றால், சபை முதலில் வேறு யாருக்கோ உதவியிருக்கிறது. "ஏழைகளுக்கே உதவியது" என்றால் மற்றவர்க்கு அங்கே இடமில்லை. "ஏழைகளுக்காவது உதவியது" என்றால், எழுதியவர் ஏதோ மனத்தாங்கலில் இருக்கிறார். நான்கு வாக்கியங்களுக்கும் இடையே ஓரெழுத்து, ஈரெழுத்துதான் வேறுபாடு. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாட்டைப் பிள்ளைகளையே சொல்லவைக்கக் கால்மணி நேரம் போதும். 'ஆயினும்', 'ஆகவே', 'அன்றியும்', 'ஒருவேளை' என்பனவும் இவ்வாறே. இவற்றைக் கவனியாமல் படிப்பவன் சாலையில் திருப்பக் குறிகளைப் பாராமல் வண்டி ஓட்டுபவன்.

இவ்வளவும் தமிழாசிரியரின் அலுவல், இதில் ஒரு பங்குத்தந்தைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பர், உடன்பணியாளர்களே கேட்பர். ஞாயிறு தோறும் வாசக மேடைக்கு வாருங்கள் என்பதே அவர்களுக்கு நம் விடை. பட்டம் பெற்ற இளைஞர் இரண்டாம் வாசகம் வாசிக்க ஏறுகிறார். எழுத்துகள் தெரிகின்றன, ஒலிப்பும் பழுதில்லை. எங்கே நிறுத்துவது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. எபேசியர் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் 3 முதல் 14 வரையுள்ள வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். மொழிபெயர்ப்பாளர் அதை எத்தனை துண்டாக்கித் தந்தாலும், சிந்தனை ஒரே ஓட்டமாகச் செல்வதை வாசிப்பவர் உணராவிட்டால் கேட்பவர் எப்படி உணர்வார்? உரோமையர் திருமுகத்தின் 5, 8, 12 ஆகிய மூன்று அதிகாரங்களும் மூலத்தில் 'ஆகவே' என்னும் பொருளுடைய இணைப்புச் சொல்லைத் தாங்கியே தொடங்குகின்றன. பவுலடியார் தம் வாதத்தை அந்தச் சொல்லில் நிறுத்தித்தான் திருப்புகிறார். பத்தாம் வகுப்பில் 'ஆகவே'யைக் கவனியாதவருக்கு, வாசக மேடையில் அது எங்கிருந்து திடீரெனக் கண்ணில் படும்?

புனித அகுஸ்தீன் ஆயராவதற்கு முன்னர் கார்த்தேஜிலும் உரோமையிலும் மிலானிலும் சொற்கலை கற்பித்தவர். கிறித்தவப் போதனை பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி வாசிப்பதால் மறையுண்மையே பிறழ்ந்துபோகும் என்று எச்சரிக்கிறார். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தையே எடுத்துக்காட்டி, வாக்கானவர் கடவுள் என்ற பொருள் வாராதபடி அதை வேறிடத்தில் வெட்டிப் படித்தவர்களைக் கண்டிக்கிறார். ஒரு நிறுத்தத்தில் ஒரு தப்பறை! நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்திலோ எஸ்ரா மரமேடை மேல் நின்று விடியல் முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்களிடையே நின்று, வாசிக்கப்பட்டதன் பொருள் விளங்கும்படி விளக்குகின்றனர். மக்கள் அழுகின்றனர். பொருள் விளங்கியதால் அழுகின்றனர். நம் கோவில்களில் வாசகம் கேட்டு யாரும் அழுவதாகத் தெரியவில்லை.

கோவிலோடு முடிகிற செய்தியும் அன்று இது. நம் அன்பியங்களில் உள்ள தாய்மார் பலர் எட்டு, பத்து வரை படித்தவர்கள். குழுக்கடன் கொடுக்க வருபவர் நீட்டும் நான்கு பக்கத் தாளில் அவர்கள் கையெழுத்திடுகிறார்கள். தாள் தமிழிலேதான் இருக்கிறது. 'தவறும்பட்சத்தில்', 'மேற்படி', 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்னும் தொடர்களைத் தாண்டி வாக்கியத்தின் முடிவுக்குச் சென்று, யார் யாருக்கு எப்போது என்ன செய்யக் கடமைப்படுகிறார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பள்ளியில் எவரும் பழக்கவில்லை. வட்டி ஏறிய பின் பங்கு இல்லத்துக்குத் தாளைக் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் நிலையோ வேறு. வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எதுவாயினும், அதில் ஆண்டும் எண்ணும் மருத்துவர் பெயரும் இருந்துவிட்டால் நம்பிவிடுகிறார்கள்; அண்டை வீட்டாரைப் பற்றிய பழியையும், வேற்றுச் சமயத்தாரைப் பற்றிய பொய்யையும் அப்படியே நம்பிப் பிறருக்கும் அனுப்புகிறார்கள். "இதை யார் சொன்னது? சான்று எங்கே? முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்கும் பழக்கத்துக்கு உரைநடைப் பாடமே பயிற்சிக் களம். அந்தக் களத்தில் நாம் கோடிட மட்டும் பழக்கியிருக்கிறோம்.

ஆசிரியர் தரப்பில் சொல்லக்கூடியவற்றை நாம் அறியாமல் இல்லை. நாற்பது நிமிடப் பாடவேளை, அறுபது பிள்ளைகள், அவர்களுள் எழுத்துக் கூட்டவே தடுமாறுவோர் சிலர், பதிவேடுகள், இணையத்தில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரங்கள். 2019-2020 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் தமிழுக்கு இரண்டு தாள்கள் என்பது ஒரே தாளாயிற்று. சுமை குறைந்தது என்றார்கள். ஆனால் குறைந்த சுமைக்கேற்ப நிதானம் கூடியதாகத் தெரியவில்லை. "வினாத்தாள் எப்படியோ, வகுப்பும் அப்படித்தானே இருக்கும்?" என்று ஆசிரியர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முன்பின் காணாத பத்தி ஒன்றைக் கொடுத்து வினாக் கேட்பது வினாத்தாளில் இல்லாமல் இல்லை. அது ஒரு மூலையில் கிடக்கிறது. அரசை நோக்கி அதை விரிவாக்கச் சொல்வது தமிழாசிரியர் அமைப்புகளின் கடமை. நாமும் உடன் நிற்போம். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையைப் பொறுத்தவரையில், அவனுக்கு ஆசிரியரின் குரல் இன்னும் அதிகமாகத் தேவை. ஆசிரியர் தாமே எழுந்து நின்று, ஒரு பக்கத்தை நிறுத்தி, உணர்ந்து, முகம் பார்த்து வாசிக்கும்போது, எழுத்தறியாதவனும் வாக்கியத்தின் வடிவத்தைக் காதால் அறிகிறான். மாதிரி வாசிப்பு என்று கல்வியியல் பட்டப் படிப்பில் எல்லாரும் படித்ததுதான். பயிற்சி வகுப்பைப் பார்வையிடப் பேராசிரியர் வந்த நாளோடு அது பலருக்கு முடிந்துபோயிற்று.

"பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, கைப்பேசி வந்துவிட்டது" என்பது மற்றொரு வாதம். இதற்கு நாம் விடை சொல்வதைவிட, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதை நினைவூட்டுவோம். உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்தின் பங்கு பற்றி அவர் 2024 சூலை 17 என்று நாளிட்டு ஒரு மடல் எழுதினார். 1964-1965-இல் சாந்தா ஃபே நகரின் இயேசு சபைப் பள்ளியில் தாம் இலக்கியம் கற்பித்ததை அதில் குறிப்பிடுகிறார். பாடத்திட்டத்தில் இருந்தது பழைய வீரகாவியமாகிய எல் சித். மாணவர்களோ கார்சியா லோர்க்காவைக் கேட்டார்கள். எல் சித்தை வீட்டில் படியுங்கள், வகுப்பில் நீங்கள் விரும்பும் எழுத்தாளர்களைப் பேசுவோம் என்று அவர் முடிவு செய்தார். பாடத்திட்டத்தை அவர் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசிக்கும் பசியை முதலில் எழுப்பினார். நம் வகுப்பறைகளில் பசியை எழுப்ப வேண்டிய இடமாகிய துணைப்பாடக் கதைகளும் வினா விடையாகிவிட்டன. ஒரு சிறுகதையின் கடைசி வரியில் நெஞ்சு பதற வேண்டிய பிள்ளை, "இக்கதையின் மையக் கருத்து யாது?" என்பதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறது. கைப்பேசியைக் குறைகூறுவானேன்!

இனி, நிர்வாகத்தாரைப் பற்றி. மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததும் நம் பள்ளி வாயில்களில் எழும் பதாகைகளைப் பாருங்கள். நூறு விழுக்காடு தேர்ச்சி. தமிழில் இத்தனை பேர் தொண்ணூற்றைந்துக்கு மேல். ஆயரின் படம், தாளாளரின் படம், பிள்ளைகளின் படம். அந்தத் தொண்ணூற்றைந்து பெற்ற பிள்ளையிடம் அன்றைய நாளிதழின் தலையங்கத்தைக் கொடுத்து, என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்தவர் உண்டா? 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. வராதவர்களைப் பற்றிப் பல நாள் பேசினோம். அது சரியே. வந்து எழுதித் தேறியவர்களுள் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பள்ளியின் தரத்தை விழுக்காட்டால் அளக்கும்வரை, ஆசிரியர் நோட்ஸைத்தான் நடத்துவார், பாடத்தை நடத்தமாட்டார். வாசிக்கப் பழக்குபவரின் உழைப்பு மே மாதத்தில் பதாகையாவதில்லை; அது பத்தாண்டு கழித்து, ஒரு பெண் கடன் தாளைத் திருப்பிக் கொடுத்து "இதில் மூன்றாம் பக்கத்தை மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லும்போது வெளிப்படுகிறது. அதைப் படம்பிடிக்க நிழற்படக்காரர் எவரும் அங்கே இருக்கமாட்டார்.

ஆகவே மறைமாவட்டக் கல்விக் குழுவின்முன் சிலவற்றை வைக்கிறோம். நோட்ஸ் வாங்குவதைக் கட்டாயமாக்கும் பள்ளி எதுவாயினும், அவ்வழக்கத்தை வரும் கல்வியாண்டிலேயே நிறுத்தட்டும். வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கென்று கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்காதிருக்கட்டும். தாளாளராக இருக்கும் அருள்பணியாளர் மாதம் ஒருமுறை ஒரு தமிழ் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கட்டும். ஆய்வு செய்ய வேண்டாம், கேட்டால் போதும். உரைநடைப் பாடம் ஒன்றுக்கு ஐந்து பாடவேளை எடுத்துக்கொள்ளும் ஆசிரியரைப் பின்தங்கியவர் என்று கூட்டத்தில் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம்.

இன்னும் ஒன்று உண்டு, செலவில்லாதது. தமிழாசிரியர் பணியிடத்துக்கு நேர்காணல் நடத்துகிறோம். சான்றிதழ்களைப் பார்க்கிறோம்; பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கிறோம்; எந்தச் சபை, எந்த ஊர் என்று விசாரிக்கிறோம். அடுத்த நேர்காணலில், வந்திருப்பவர் முன்பு கண்டிராத உரைநடைப் பக்கம் ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒருமுறை மனத்துக்குள் படிக்கவிட்டு, பிறகு எழுந்து நின்று வாய்விட்டு வாசிக்கச் சொல்வோம். வாசித்த பின், இதை எட்டாம் வகுப்புக்கு நடத்தினால் முதல் கேள்வியாக என்ன கேட்பீர்கள் என்று வினவுவோம். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். சூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் இதைத் தொடங்க இயலுமா என்பதற்குக் குழுவின் செயலர் இவ்விதழிலேயே விடை எழுதுவாராக.